கவர் டீயை மறுப்போம், தோழர்களே!

தோழர்களே! மங்கலத்தின் பனியன் கம்பெனித் தோழர்களே, விசைத்தறித் தோழர்களே, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பக்கத்து மெஷினில் தைக்கும் தோழர்களே!

டீ டைமில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கையில் இருப்பதைப் பாருங்கள்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றிய டீ. பிளாஸ்டிக் கவர். வாயை நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. கடையிலிருந்து வந்து சேர்வதற்குள் கவர் தொளதொளத்துப் போகிறது. நூல் வெட்டும் டிரிம்மராலேயே மூலையை வெட்டுகிறோம். பேப்பர் கப்பில் ஊற்றுகிறோம். குடிக்கிறோம். காலையில் குடிக்கிறோம். மாலையில் குடிக்கிறோம். ஒன்றரை ஷிப்ட் ஓடினால் இரவிலும் குடிக்கிறோம்.

சூடு பட்ட பிளாஸ்டிக் சும்மா இருக்காது. அதிலுள்ள வேதிப்பொருள் கசியும். கொழுப்பு சேர்ந்தால் இன்னும் கசியும். டீயில் சூடும் உண்டு, பாலும் உண்டு.

பேப்பர் கப்பா? உள்ளே ஒட்டியிருப்பது பிளாஸ்டிக் படலம். காரக்பூர் ஐஐடி 2020-இல் சோதித்துச் சொன்னது: 100 மில்லி சுடுபானம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் அதில் கலக்கின்றன. 2024-இல் இத்தாலிய மருத்துவர்கள் கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்குள்ளேயே பிளாஸ்டிக்கைக் கண்டார்கள். அது இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் நேரும் ஆபத்து நான்கு மடங்குக்கு மேல். காரணம் பிளாஸ்டிக்தான் என்று உறுதிசெய்ய இன்னும் ஆய்வு வேண்டும் என்கிறார்கள். அதுவரை நாம் குடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

பிரிண்டிங் தோழர்களே, உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். குழந்தைச் சட்டையில் ரப்பர் பிரிண்ட் போடுகிறீர்கள். பையர் முதலில் கேட்பது தாலேட், அதாவது பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் வேதிப்பொருள், இருக்கிறதா என்ற டெஸ்ட் ரிப்போர்ட். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கின் பிளாஸ்டிக் பூச்சில் நான்கு வகை தாலேட்டுகள் சேர்ந்து எடையில் 0.1 விழுக்காட்டைத் தொடக் கூடாது. தொட்டால் சரக்கு திரும்பும். ஏன்? அவை ஹார்மோனைக் குலைக்கும். விந்தணுவைக் கெடுக்கும். கருவில் இருக்கும் பிள்ளையைத் தொடும்.

அங்கே உடுத்தும் குழந்தைக்கு டெஸ்ட் உண்டு. இங்கே தைக்கும் தாய்க்கு இல்லை! சட்டைக்கு டெஸ்ட் உண்டு. நம் டீக்கு இல்லை! நிறைமாதமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறாளே நம் தங்கை, அவள் குடிப்பதை யார் சோதித்தார்கள்?

தண்ணீரைப் பாருங்கள். நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் ஓடியபோது ஊரில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. வழக்காடியது பாசன விவசாயிகள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது கிணறு ஏற்கெனவே கெட்டிருந்தது. அந்த மௌனத்தின் விலையைத்தான் இன்று கேன் கேனாகக் கொடுக்கிறோம். அந்தக் கேன் டெம்போவில் வெயிலில் காய்ந்து வருகிறது. கெட்டியான நீலக் கேன்களில் பல பாலிகார்பனேட். அதைச் செய்வதே பிஸ்பினால்-ஏ கொண்டுதான். உணவு தொடும் பொருள்களில் அதை ஐரோப்பா 2024 டிசம்பரில் தடை செய்துவிட்டது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பிளாஸ்டிக் பையும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தொழிலாளிக்கு நல்ல குடிநீர் தர வேண்டியது முதலாளி என்று 1948-இலேயே தொழிற்சாலைகள் சட்டத்தின் 18-ஆம் பிரிவு எழுதிவைத்தது. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. கவர் நம் கையில் இருக்கிறது.

டீக்கடைக்காரர் நம் எதிரி இல்லை. அவரும் நம்மைப் போல அன்றாடம் உழைப்பவர்தான். தூக்குப்போசி நீட்டினால் அதில் ஊற்றித் தருவார். நீட்ட வேண்டியது நாம்.

பயப்படுகிறீர்களா? சூப்பர்வைசர் முறைப்பார் என்றா? கான்ட்ராக்டர் நாளை வராதே என்பான் என்றா? ஒருவராகக் கேட்டால் சொல்வான். லைன் முழுக்கக் கேட்டால் யாரை நிறுத்துவான்? ஷிப்மென்ட் நாளில் யாரை நிறுத்துவான்?

நாளைக் காலை வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் எடுத்து வாருங்கள். கவரில் வந்த டீயைத் தொடாதீர்கள். பேப்பர் கப்பைத் தொடாதீர்கள். இந்தி பேசும் தோழனுக்கும் சொல்லுங்கள், தறிக்குடோனில் இரவு ஷிப்டில் நிற்பவருக்கும் சொல்லுங்கள்.

டீ டைம் பெல் அடித்ததும் எல்லோரும் சேர்ந்து ஆபீசுக்குப் போவோம். டீ கொண்டுவர எவர்சில்வர் கேன் கேட்போம். ஆளுக்கொரு டம்ளர் கேட்போம். குடிக்க, எவர்சில்வர் தொட்டியில் சுத்திகரித்த தண்ணீர் கேட்போம். எழுதிக் கொடுப்போம், எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். பேசுகிற தோழரைத் தனியாக நிற்க விடாதீர்கள்.