பயிற்சியாளரின் கோபத்துக்குக் கிளப்பே பொறுப்பு

கால்பந்துப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கிளப் நிர்வாகங்கள் அவர் வென்ற கோப்பைகளை எண்ணுகின்றன, வியூகங்களை அலசுகின்றன, சம்பளத்தைப் பேரம் பேசுகின்றன. தோற்ற நாளில் தன் கீழ் வேலை செய்பவர்களிடம் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைப் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. அது அவரவர் சுபாவம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுவிடக் கூடாது என்பதே நம் கருத்து.

இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் நடந்ததைப் பாருங்கள். 2015 ஆகஸ்ட் 8 அன்று நடப்பு சாம்பியனாகக் களமிறங்கிய செல்சி, சொந்த மைதானத்தில் ஸ்வான்சியுடன் 2-2 என்று தடுமாறிக்கொண்டிருந்தது. கோல்கீப்பர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிவிட்டதால் களத்தில் பத்துப் பேர்தான். கடைசி நிமிடங்களில் செல்சி வீரர் ஈடன் அசார் அடிபட்டு விழுந்தார். நடுவர் அழைத்தார், அணி மருத்துவர் ஈவா கார்னெய்ரோவும் பிசியோதெரபிஸ்டும் ஓடினார்கள். களத்தில் சிகிச்சை பெற்ற வீரர் சற்று நேரம் வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. அதனால் அணி சிறிது நேரம் ஒன்பது பேரோடு ஆட வேண்டியதாயிற்று. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ, தன் மருத்துவக் குழுவினருக்கு ஆட்டம் புரியவில்லை என்று ஊடகங்களிடமே சாடினார். அதன்பின் கார்னெய்ரோவுக்கு ஆட்டங்களின்போது அணியின் இருக்கையில் இடமில்லை. செப்டம்பரில் அவர் கிளப்பை விட்டே போய்விட்டார்.

விவகாரம் தொழிலாளர் தீர்ப்பாயம் வரை போனது. 2016 ஜூனில் சமரசம் ஏற்பட்டபோது செல்சி நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டது. கார்னெய்ரோ ஆட்ட விதிப்படியும் மருத்துவருக்குரிய கடமைப்படியும்தான் நடந்தார் என்று ஒப்புக்கொண்டது. இதைச் சொல்லப் பத்து மாதங்கள் எதற்கு? ஆட்டம் நடந்த அன்றிரவே தெரிந்த உண்மைதானே இது? மறுநாள் காலையில் மொரின்யோவை அழைத்து, நீங்கள் செய்தது தவறு, பலரறியத் திட்டியதைப் பலரறியத் திரும்பப் பெறுங்கள் என்று சொல்ல அந்த நிர்வாகத்தில் ஒருவர்கூட முன்வரவில்லையா? பயிற்சியாளர் நிதானம் இழந்தது ஒரு மாலைப் பொழுதில். கிளப்போ மாதக்கணக்கில் விவேகமின்றி நடந்துகொண்டது. இரண்டாவதையே நாம் பெரிய குற்றமாகக் கருதுகிறோம்.

அதற்கு முன்பே, 2015 டிசம்பர் 17-இல் மொரின்யோ நீக்கப்பட்டபோது செல்சி லீக் பட்டியலில் 16-ஆவது இடத்தில் கிடந்தது. அவருக்கும் வீரர்களுக்கும் இடையே வெளிப்படையான விரிசல் இருந்ததாகக் கிளப்பின் தொழில்நுட்ப இயக்குநரே அன்று சொன்னார். மருத்துவரைத் திட்டியதால்தான் அணி சரிந்தது என்று நாம் வாதிடவில்லை. ஆனால், தங்களுக்கு அடிபட்டால் ஓடிவருகிறவர் சிறுமைப்படுத்தப்பட்டதையும் கிளப் அதைப் பொறுத்துக்கொண்டதையும் வீரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கோபம் இல்லாமல் கோப்பை வருமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் உடனே மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசனைத்தான் காட்டுவார்கள். அவர் கத்தினால் உடைமாற்றும் அறையே நடுங்கும் என்பது உண்மைதான். ஆனால் 1995 ஜனவரியில் அவருடைய அணி வீரர் எரிக் கான்டோனா ரசிகர் ஒருவரை எட்டி உதைத்த பிறகு என்ன நடந்தது? கிளப்பே அவருக்குத் தடையும் அபராதமும் விதித்தது. கால்பந்துச் சங்கம் தடையைச் செப்டம்பர் இறுதி வரை நீட்டித்தது. தண்டனையில் எந்தச் சலுகையும் இல்லை. இடையில் மனம் வெறுத்த கான்டோனா, இனி இங்கிலாந்தே வேண்டாம் என்று பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார். ஃபெர்குசன் பாரிஸுக்கே போய் அவரோடு உட்கார்ந்து பேசித் திரும்ப அழைத்துவந்தார். கான்டோனா திரும்பிவந்த அந்த சீசனில் யுனைடெட் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது. எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் கான்டோனாதான். யாரிடம் எப்போது குரலை உயர்த்துவது, யாரைத் தேடிப்போவது என்று ஃபெர்குசனுக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் கற்க வேண்டியது இதைத்தான்.

இது வெற்றி தோல்வியோடு நிற்கும் விஷயமும் அல்ல. ஜெர்மனியின் ஹனோவர் அணி கோல்கீப்பர் ராபர்ட் என்கே 2009 நவம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பல ஆண்டுகளாக மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவந்தவர் அவர். வெளியே தெரிந்தால் ஆட்டமும் போகும், தத்தெடுத்த மகளும் பறிபோவாள் என்று அஞ்சி மறைத்தே வாழ்ந்தார். அந்த மரணத்துக்கு யார் மீதும் நாம் பழி சுமத்தவில்லை. ஆனால் தன் நோயைச் சொன்னால் இடம் போய்விடும் என்று ஒரு வீரர் நம்பும் தொழிலில், பயிற்சியாளரின் முகம் பார்த்துப் பிழைக்க வேண்டிய நிலையில் மருத்துவரும் இருந்தால், அடுத்தவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

ஆகவே, அணி மருத்துவரும் உளவியலாளரும் பயிற்சியாளருக்குக் கீழே இருக்கக் கூடாது. இயக்குநர் குழுவிடம் நேரடியாகப் பேசும் உரிமை அவர்களுக்கு வேண்டும். பயிற்சியாளரை நியமிக்கும் முன், அவருடைய பழைய கிளப்பின் உரிமையாளரிடம் மட்டும் விசாரித்தால் போதாது. அங்கே வேலை பார்த்த மருத்துவர்களிடமும் பிசியோக்களிடமும் வாய்ப்புக் கிடைக்காமல் வெளியே உட்கார்ந்திருந்த வீரர்களிடமும் கேட்க வேண்டும். ஊழியரைப் பொதுவெளியில் அவமதித்தால் என்ன நடவடிக்கை என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கிளப்புகள் தாமாக இதைச் செய்யாவிட்டால், லீக் அமைப்புகள் இதை உரிமத்துக்கான நிபந்தனையாக்க வேண்டும்.