எட்டு மணி நேர சார்ஜ் என்னும் மூடநம்பிக்கை

புது செல்போன் வாங்கப் போனால், டப்பாவைப் பிரிக்கும்போதே கடைக்காரர் மந்திரம் ஓத ஆரம்பித்துவிடுவார். "தம்பி, மொதல்ல எட்டு மணி நேரம் சார்ஜ் போட்றுங்க. அப்புறம் சுத்தமா எறங்குன பெறகுதான் மறுபடி போடணும்." வீட்டுக்கு வந்தால் மாமாவும் அதையே சொல்வார். யார் சொன்னது என்று கேட்டால் இரண்டு பேரிடமும் பதில் இருக்காது.

அது நிக்கல்-காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன வைத்தியம். பழைய கார்ட்லெஸ் போனில் இருந்ததே, அது. பாதியில் பாதியில் சார்ஜ் ஏற்றினால் அதன் கொள்ளளவு குறைந்துபோனது போல ஆகும். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனுக்கு இந்த வியாதியே கிடையாது. வியாதி இல்லாதவனுக்கு மருந்து கொடுத்தால்? ஒவ்வொரு தடவையும் சுத்தமாகத் தீர்த்தால் லித்தியம்-அயனின் ஆயுள்தான் குறையும். தீர்ந்துபோனதை மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவைத்தால் இன்னும் மோசம். மின்னழுத்தம் ரொம்ப இறங்கி உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பே உள்ளுக்குள் ஷார்ட் சர்க்யூட்டுக்கு வழி பண்ணும்.

சரி, போகட்டும். கோபம் இதில் இல்லை. இவ்வளவு ஆசாரம் பார்க்கிற அதே மாமா, பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கும் போனை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஓட்டுவார். பிளாட்பாரத்து சார்ஜரில் செருகித் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவார். நிறைந்ததும் சார்ஜை நிறுத்த போனுக்குள்ளேயே சர்க்யூட் இருக்கிறது. தலையணைக்கு அடியில் சேரும் சூட்டை யார் நிறுத்துவது?

போனாவது சின்ன சாமான். 5,000 எம்ஏஎச் பேட்டரியில் இருப்பது சுமார் 19 வாட்-மணி. மின்சார ஸ்கூட்டரில் 2,000, 3,000 என்று போகும். அதாவது நூறு போனுக்கு மேல்! 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் ஒரு அப்பாவும் அவருடைய மகளும் இறந்துபோனார்கள். உயிரை எடுத்தது புகை. இத்தனைக்குப் பிறகும் ஒண்டுக்குடித்தன வீடுகளில், இருக்கிற ஒரே வாசலை மறித்து வண்டியை நிறுத்தி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிறார்கள். வெளியே ஓட வேறு வழி?

ஷோரூமில் வண்டிக்கு மாலை உண்டு, எலுமிச்சம்பழம் உண்டு, இனிப்பு டப்பாவும் உண்டு. வாசலை மறித்து சார்ஜ் போடாதீர்கள் என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. எட்டு மணி நேரக் கணக்கு சொல்ல மட்டும் ஊரெல்லாம் ஆள்!