மருந்து கலக்கலாம், பல்லைத் தொடக் கூடாதா?

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் ‘மருந்து’ என்றால் மாத்திரை அன்று. பட்டாசில் செலுத்தும் வெடிமருந்து. அம்மருந்தோடு நாளெல்லாம் உழைக்கும் மக்களுக்கு மருத்துவமோ தொலைவில் நிற்கிறது. சிவகாசி கூப்பிடு தூரந்தானே என்பீர்கள். கூலிக்காரர் தொலைவை மைலால் அளப்பதில்லை. இழக்கும் கூலியால் அளக்கிறார். எண்ணிக்கைக்குக் கூலி பெறும் ஒரு தாய் பல்வலிக்காக மருத்துவமனை வரிசையில் நின்றால், அன்றைய அடுப்பு எரியாது. எனவே கிராம்பைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். சொத்தை வேரை எட்டி, கன்னம் வீங்கிய பின்னரே மருத்துவரைக் காண்கிறாள். அடைத்துக் காத்திருக்கக்கூடிய பல் அன்று பிடுங்கப்படுகிறது.

நகரின் நிழலில் வாழ்வோருக்கே இக்கதியென்றால், நீலகிரிக் காடுகளில் வாழும் பணியரும் காட்டுநாயக்கரும் எங்கே போவர்?

வழி இருக்கிறது. அந்தந்த ஊரில் பிறந்த இளைஞரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் முறையாகப் பயிற்றுங்கள். சொத்தையை அடைக்கவும், ஆடும் பல்லை எடுக்கவும், புகையிலை மெல்வோரின் வாயில் ஆறாப் புண்ணைக் கண்டால் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவும் உரிமை கொடுங்கள். பல் மருத்துவரின் மேற்பார்வையில், மக்களின் வாசலிலேயே அவர்கள் பணியாற்றட்டும்.

“ஏழைக்கு அரைகுறை வைத்தியமா?” என்று சிலர் பதறுகின்றனர். அவர்களைக் கேட்கிறேன்: பட்டாசு ஆலையில் மருந்து கலப்பதை யார் கண்காணிக்கிறார்? பயிற்சியும் சான்றும் பெற்ற போர்மேன்! வேதியியலில் பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். அவர் பிழை செய்தால் கட்டடமே சிதறும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகியதை மறந்தோமா? அத்தகைய பொறுப்பையே பயிற்சியை நம்பி உள்ளூர்க்காரரிடம் ஒப்படைக்கும் நாடு, ஒரு சொத்தைப் பல்லை ஒப்படைக்க நடுங்குவானேன்?

இது புதுமையும் அன்று. நியூசிலாந்து 1921இலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கெனப் பல் செவிலியரைப் பயிற்றத் தொடங்கியது. தமிழர் வாழும் பினாங்கில் 1949இல் அத்தகைய பயிற்சிப் பள்ளி எழுந்தது. அலாஸ்காவின் பழங்குடியினர் 2003இல் தம் பிள்ளைகளை நியூசிலாந்துக்கு அனுப்பிக் கற்பித்தனர். கற்றுத் திரும்பியவர்கள் பனிப்பாலையின் சிற்றூர்களில் பணி தொடங்கியதும், அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2006இல் வழக்குத் தொடுத்தது. அச்சிற்றூர்களில் குடியேற முன்வராதவர்கள், குடியேறியவர்களைத் தடுக்க நீதிமன்றம் ஏறினர்! 2007இல் அவர்களுடைய வாதம் தோற்றது. பழங்குடிப் பிள்ளைகளின் பணி நிலைத்தது.

தமிழகத்திலும் சான்றுண்டு. கூடலூரில் 1990இல் எழுந்த ஆதிவாசி மருத்துவமனையும், தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் 1993இல் தொடங்கிய பழங்குடி மருத்துவப் பணியும் மலைமக்களின் பெண்களையே செவிலியராக்கின. நோயாளியின் மொழி அறிந்த கை, நோயின் பாதியை அறியும் என்பதை அப்பெண்கள் மெய்ப்பித்தனர்.

“பல் மருத்துவர் பலர் வேலையின்றி இருக்கையில் இது எதற்கு?” என்ற கேள்வி நேர்மையானது. பல இலட்சம் கொட்டித் தனியார் கல்லூரியில் பட்டம் வாங்கியவர், போட்ட பணத்தை மீட்க நகரத்தைத்தான் நாடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்வியைக் கடைச்சரக்காக்கிய ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். அவர்களை அரசுப் பணியில் அமர்த்துங்கள். அவர்களின் கீழ் இந்தப் பணியாளரை நிறுத்துங்கள். மருத்துவரின் வேலையின்மையும் ஏழையின் வலியும் ஒருசேரத் தீரும்.

1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பல் மருத்துவர், பல் சுகாதாரப் பணியாளர், செயற்கைப் பல் செய்வோர் ஆகிய மூவரை மட்டுமே பதிவேட்டில் ஏற்றது. 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. புதிய சட்டத்தின் காலத்திலேனும் நான்காமவருக்கு இடம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

தோழர்களே! கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். தீபாவளியன்று நாடெங்கும் மக்கள் வாய்விட்டுச் சிரிக்கப் பட்டாசு செய்து தருபவள், தன் வலிக்கும் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கையை விலக்கி அவளைச் சிரிக்க வைப்பது நம் கடமை.