முதுகெண் ரசனை

உலக சினிமாவில் தோய்ந்த நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவர் நீளத்துக்கு அலமாரி. அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட டிவிடிகளும் புளூ-ரேக்களும் முதுகில் அச்சான எண் வரிசைப்படி நிற்கின்றன. 2018இல் வந்த பெர்க்மன் பெட்டியை இறக்கிக் காட்டினார். 39 படங்கள். பெட்டியின் கனம், அட்டையின் அழகு, பிம்பத்தின் துல்லியம் என்று அரைமணி நேரம் பேசினார். இதில் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். “இனிமேல்தான்” என்றார்.

கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. வாங்கிய புத்தகத்தையெல்லாம் படித்து முடித்தவர் நம்மில் யார்? என் புகார் வேறு. இந்த நண்பர்கள் கூடும்போது நடக்கும் விவாதத்தைக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பதிப்பில் கறுப்பு ஆழமாக இருக்கிறது, எதில் பிலிமின் துகள்களைத் துடைத்துவிட்டார்கள், சட்டகத்தின் ஓரத்தில் எவ்வளவு போயிற்று. கடவுளின் மௌனத்தோடு ஒரு கலைஞன் ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியது இவர்கள் பேச்சில் வருவதேயில்லை. இது ரசனை அல்ல, சரக்குக் கணக்கு.

உடனே பிலிம் சொஸைட்டி காலத்து மூத்தவர்கள் தலையாட்டுவார்கள்: சினிமாவை இருட்டில், கூட்டத்தோடு, பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும் என்று. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கீறல் விழுந்த 16 எம்.எம். பிரதியை ஒரே ஒரு மாலை பார்த்துவிட்டு, ஞாபகத்தை நம்பிப் பக்கம் பக்கமாக எழுதினோம். படத்தில் இல்லாத ஷாட்டுகளையும் புகழ்ந்திருப்போம். மறுக்க எவரிடமும் பிரதி இல்லை. வீட்டு வீடியோ அந்தச் சலுகையைப் பறித்துக்கொண்டது. நல்லதே செய்தது. 1984இல் கிரைட்டீரியன் தன் முதல் லேசர் வட்டுகளாக ‘சிட்டிஸன் கேன்’, ‘கிங் காங்’ இரண்டையும் வெளியிட்டபோது, ‘கிங் காங்’ வட்டில் படத்தோடு கூடவே ஒலிக்கும் ஒரு விளக்கவுரையையும் சேர்த்தது. நிறுத்தி, திருப்பி, ஒரு காட்சியை அவயவம் அவயவமாகப் பார்க்கும் கருவி விமர்சகன் கைக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும் நம் விமர்சனம் கூர்மைப்படவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

வோங் கார் வாய் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். 2021இல் அவருடைய ஏழு படங்கள் ஒரே பெட்டியாக வந்தன. புதுப்பித்தவர் அவரே. ‘இன் த மூட் ஃபார் லவ்’ படத்தின் வண்ணம் பச்சைக்குச் சாய்ந்தது. ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ சட்டகம் அகலத்திரையாக மாறியது. ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். இயக்குநருக்கு உரிமை உண்டு என்றது ஒன்று. எங்கள் படத்தைக் கெடுத்துவிட்டார் என்றது மற்றது. இது புதிதுமல்ல. 2008இல் ‘தி லாஸ்ட் எம்பரர்’ வெளியானபோது ஒளிப்பதிவாளர் ஸ்டொராரோ தன் கொள்கைக்காகச் சட்டகத்தின் அகலத்தையே குறைத்தார்.

கலைஞன் தன் படைப்பைத் திருத்தலாம். ஆனால் 2000இல் உலகம் பார்த்த படம் ஒரு சரித்திர உண்மை. அதை அழிக்கும் உரிமை படைத்தவனுக்கும் இல்லை. அந்த உண்மைக்கு வீட்டில் இருக்கும் சாட்சி எது? அதே நிறுவனம் 2012இல் வெளியிட்ட பழைய புளூ-ரே. நம் சேகரிப்பாளர் என்ன செய்தார்? புதியது வந்ததும் பழையதை விற்றுவிட்டார். காப்பாற்ற வேண்டியதைத் தள்ளிவிட்டுப் பெட்டியைக் காப்பாற்றுகிறார்.

சேகரிப்பு என்றால் என்னவென்று ‘பதேர் பாஞ்சாலி’யின் கதை சொல்லும். 1993இல் லண்டன் லாப் ஒன்றில் நேர்ந்த தீயில் ராயின் அபு படங்களின் மூல நெகடிவ்கள் கருகின. ஓட்டிப் பார்க்க முடியாத அந்தச் சுருள்களை எறியாமல் பத்திரப்படுத்தியது அமெரிக்காவின் அகாடமி ஆவணக்காப்பகம். பின்னாளில் போலோன்யா நகரத்துத் தொழில்நுட்பர்கள் அவற்றுக்கு மெல்ல ஈரப்பதமூட்டி, நெகிழவைத்து, பிழைத்த சட்டகங்களை மீட்டார்கள். 2015இல் மூன்று படங்களும் மறுபடி திரைக்கு வந்தன. பார்க்கவே முடியாததை இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார்களே, அவர்கள் சேகரிப்பாளர்கள். அவர்கள் உழைப்பின் பலனை நாம் விலைக்கு வாங்கி, நம் ரசனைக்கான சான்றிதழ்போல் மாட்டிவைத்திருக்கிறோம்.

அந்த அலமாரி என்ன தேர்ந்தெடுக்கிறது என்றும் கேட்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் ஆப்பிரிக்க அமெரிக்க இயக்குநர்கள் நான்கே பேர் என்று 2020இல் நியூயார்க் டைம்ஸ் எண்ணிக் காட்டியது. தன் ஊர்க்காரர்களையே விட்டுவிட்ட பட்டியலை, உலக சினிமாவின் எல்லைக்கோடு என்று இங்கே நாம் நம்புகிறோம்.

நண்பரின் அலமாரியில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யைத் தேடினேன். ஜான் ஆபிரகாம் 1977இல் எடுத்தது. திரைக்கதை எழுதியவர் வெங்கட் சாமிநாதன், சிறுபத்திரிகைகளில் சண்டை போட்ட மனிதர். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. நம்மில் பலர் பார்த்தது அதன் தேய்ந்த பிரதியின் பிரதியைத்தான். “நல்ல பிரிண்ட் இல்லையே” என்றார் நண்பர். ஆமாம், இல்லை. நல்ல பிரிண்ட் வேண்டுமென்று அவர் எவரையும் கேட்டதுமில்லை. பெர்க்மனின் பச்சைக்கும் கறுப்புக்கும் கடிதம் எழுதுகிறவர் இதற்கு ஒரு தபால் அட்டை போட்டதில்லை.

அதே ஜான்தான் ஒடேசா கூட்டமைப்பைத் தொடங்கி, ஜனங்களிடம் நிதி திரட்டி, 1986இல் ‘அம்மா அறியா’னை எடுத்தார். நமக்குப் பணத்துக்குக் குறைவில்லை, பெட்டிகள் சாட்சி. அடுத்த பெட்டிக்கு ஒதுக்கியிருக்கும் தொகையைப் பத்துப் பேர் ஒன்றாக வைத்து, நம் மொழியின் ஒரு படத்தையாவது மீட்க வழி கேட்டு ஆவணக்காப்பகத்தின் கதவைத் தட்டலாம். மீட்டதை ஓர் அறையில் கூடிப் பார்க்கலாம். பிறகு கறுப்பின் ஆழத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுவோம். அந்தச் சண்டைக்கு நானும் வருகிறேன்.