தூங்கும்போது சார்ஜ் வேண்டாம்

கத்திரி வெயிலில் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வந்து சேரும் மின்சார ஸ்கூட்டரின் சீட்டைத் தொட்டாலே கை சுடும். அதற்கு அடியில் இருக்கும் பேட்டரி மட்டும் குளுகுளுவென்றா இருக்கும்? பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மதுரையில் மே மாதத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஆக, வீடு வந்ததும் பிளக்கைச் சொருகுவதுதான் முதல் தப்பு. நிழலில் ஒரு மணி நேரமாவது வண்டி ஆற வேண்டும்.

இரண்டாவது தப்பு, இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்குவது. 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். லித்தியம் பேட்டரியில் ஒரு செல் கட்டுமீறிச் சூடானால் அந்தச் சூட்டில் பக்கத்துச் செல்லும் பற்றும். நச்சுப் புகை நிமிடங்களில் வீட்டை நிறைத்துவிடும். மதுரையின் பழைய வளவு வீடுகளில் வண்டி நிற்பது பெரும்பாலும் நடையில், இல்லையென்றால் மாடிப்படிக்கு அடியில். வெளியே போக இருப்பதும் அந்த ஒரே வழிதான். வண்டி எரிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? வாசலுக்கு வெளியே இடமில்லாதவர்கள், வீட்டில் ஆள் விழித்திருக்கும் நேரத்திலாவது சார்ஜ் போடலாம்.

சார்ஜர் சங்கதி இன்னும் மோசம். பழைய ஈய பேட்டரி வண்டிக்குப் பட்டறையில் லித்தியம் பேட்டரி மாற்றிக்கொள்கிறார்கள். சார்ஜர் மட்டும் பழையதே. 'ரெண்டும் 48 வோல்ட்தானே' என்று சமாதானம் வேறு! ஆனால் ஈய பேட்டரிக்கான 48 வோல்ட் சார்ஜர் 58 வோல்ட் வரைகூட ஏற்றும். 13 செல் வரிசை கொண்ட லித்தியம் பேட்டரிக்கு செல்லுக்கு 4.2 வீதம் 54.6 வோல்ட்தான் உச்சம். மிச்சத்தைத் தடுக்க இருப்பது பேட்டரிக்குள் உள்ள பி.எம்.எஸ். என்ற காவல்காரன் மட்டுமே. மலிவான பேட்டரியில் அந்தக் காவல்காரன் தூங்கிவிட்டால் அவ்வளவுதான். பேட்டரியோடு தரும் சார்ஜரைத் தவிர வேறெதையும் மாட்டக் கூடாது. சுவர் பிளக்கில் நேராகச் சொருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

தீ விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதிகளை 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டமாகக் கடுமையாக்கியது. பழைய வண்டியை வாங்குகிறவர்கள் அது எப்போது தயாரானது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பேட்டரி ஊதியிருந்தாலோ, கீழே விழுந்து அடிபட்டிருந்தாலோ, இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தாலோ சார்ஜ் போடவே கூடாது. புகை கிளம்பிவிட்டால் வண்டியை இழுத்து வெளியே தள்ளப் பார்க்காமல், பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறி 101-ஐ அழைக்க வேண்டும். தீயணைப்புக்காரர்களிடம் 'லித்தியம் பேட்டரி' என்று முதலிலேயே சொல்லிவிடுவது முக்கியம். அணைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து அது மறுபடி பற்றக்கூடும்.