ஏற்றமும் ஆற்றங்கரையும்: புலம்பெயர் பெற்றோருக்கும் இளையோருக்கும் ஒரு வேண்டுகோள்

கோடை விடுமுறை நெருங்கும்போது நோர்வேவாழ் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டு கேள்விகளே எழுகின்றன. இம்முறை ஊருக்குப் போவதா, அல்லது இலண்டனிலோ பாரிசிலோ உள்ள உறவினர் வீட்டுக்குப் போவதா? இவை இரண்டும் தேவையான பயணங்களே. உறவு அறுந்துவிடாமல் காப்பவை அவை. ஆயினும் நாம் வாழும் இந்த நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் எமது பிள்ளைகள் எம்முடன் சேர்ந்து கண்டிருக்கிறார்களா என்ற மூன்றாவது கேள்வி பல வீடுகளில் எழுவதே இல்லை. அக்கேள்வியை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நான் பரிந்துரைக்கும் வழி எளியது. எமக்கு முன்பே பழக்கமானதும் கூட. அது மிதிவண்டி.

மிதிவண்டியை எமது மக்களுக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த சமதரை. அங்கே மலை இல்லை. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறும் இல்லை. மாரிகாலத்தில் மட்டும் பெருகும் வழுக்கியாறு ஒன்றுதான் உண்டு. அந்தச் சமதரையில் றலியும் லுமாலாவும் ஓடாத ஒழுங்கை இல்லை. 1990 களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருள் அரிதானபோது நோயாளியைச் சுமந்ததும், விறகையும் நெல்மூட்டையையும் சுமந்ததும் அதுவே. மின்சாரம் இல்லாத இரவுகளில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்று ஒஸ்லோவில் எம்மிடையே இருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ குடும்பங்களின் எஞ்சிய உடைமை முழுவதும் ஒரு மிதிவண்டியின் கரியரிலும் ஹாண்டிலிலும் தொங்கியது.

அதனாற்றான் அந்தத் தலைமுறைக்கு மிதிவண்டி என்பது இல்லாமையின் அடையாளமாக மனதிற் பதிந்துவிட்டது. புலம்பெயர்ந்த நாட்டில் முதற்கார் வாங்கிய நாள், துன்பம் முடிந்த நாளாகக் கொண்டாடப்பட்டது. அதிற் பிழை காண எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதன் விளைவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து வயதிற் பள்ளிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் தனியே மிதித்துச் சென்ற தந்தையின் மகன், பதினைந்து வயதிலும் காரின் பின்னிருக்கையில் இருந்தபடியே உலகத்தைப் பார்க்கிறான். தமிழ்ப் பாடசாலைக்குக் கார். நடன வகுப்புக்குக் கார். உதைபந்தாட்டப் பயிற்சிக்கும் கார். தன் உடலின் வலிமையால் ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்தை அடைந்தேன் என்ற உணர்வு அவனுக்கு வாய்ப்பதே இல்லை.

நோர்வேஜியர் இதை வேறு விதமாகக் காண்கின்றனர். திறந்தவெளி வாழ்வைக் குறிக்கும் 'ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ்' என்னும் சொல்லை 1859 இல் தம் கவிதை ஒன்றிற் கையாண்டவர் ஹென்ரிக் இப்சன். நோர்வே மலையேறுவோர் சங்கம் 1868 இல் தொடங்கப்பட்டது. 1957 ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டம் ஒரு பெரிய உரிமையை எழுத்தில் உறுதிசெய்தது. பயிர்நிலத்தையும் வீட்டு வளவையும் தவிர்த்த காட்டு நிலத்தில், அது யாருடைய உடைமையாக இருப்பினும், எவரும் நடக்கலாம். அங்குள்ள பாதைகளில் மிதிவண்டி ஓட்டலாம். குடியிருக்கும் வீட்டில் இருந்து 150 மீற்றர் தள்பி, அனுமதி கேளாமல் இரண்டு இரவுகள் கூடாரம் அமைத்துத் தங்கலாம். இவ்வுரிமைக்குக் குடியுரிமைச் சான்றிதழ் தேவையில்லை. வாக்குரிமைக்காகவும் வேலைவாய்ப்புக்காகவும் தாய்மொழிக் கல்விக்காகவும் குரல் கொடுக்கும் நாம், எமக்கு ஏற்கெனவே உள்ள இந்த உரிமையைப் பயன்படுத்தாமலே விட்டிருக்கிறோம்.

ஒஸ்லோவின் தென்பகுதியில் உள்ள ஹொல்ம்லியாவை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் 1980 களில் எழுந்த இக்குடியிருப்பிற் பல நாட்டு மக்களோடு எமது மக்களும் வாழ்கிறார்கள். செய்தித்தாள்களில் ஹொல்ம்லியாவின் பெயர் வந்தால் அது அநேகமாகக் குற்றச்செய்தியாகவோ குடியேற்றம் பற்றிய விவாதமாகவோ இருக்கும். ஆனால் மிதிவண்டியில் ஏறிப் பார்ப்பவருக்கு வேறொரு ஹொல்ம்லியா தெரியும். வடக்கே லியான் பக்கத்தில், கிழக்குக் காட்டு ஏரிகளில் இருந்து வரும் யான்செல்வா ஆறு மரங்களுக்கிடையே இறங்கிக் கடலிற் கலக்கிறது. மேற்கே ஹ்வெர்வென்புக்தா கடற்கரை. அங்கிருந்து கரையோரச் சாலையில் இங்கியர்ஸ்ட்ராண்டைக் கடந்து ஏறினால் ஸ்வார்ட்ஸ்கூக் வரும். 1911 டிசம்பர் 14 இல் தென்முனையை முதலில் அடைந்த குழுவின் தலைவர் ருவால் அமுண்ட்சென் வாழ்ந்த வீடு அங்கே, கடலைப் பார்த்தபடி, அருங்காட்சியகமாக நிற்கிறது. மேலும் மிதிக்க வலு உள்ளவர்கள் புன்னெ நீரிணையைச் சுற்றி நெசொத்தன் வரை சென்று, அங்கிருந்து மிதிவண்டியையும் ஏற்றிக்கொண்டு படகில் ஒஸ்லோ நகருக்குத் திரும்பலாம். ஏற்றமும் இறக்கமும் நிறைந்த ஒரு முழுநாட் பயணம் அது.

பிள்ளைகளைத் தனியே வெளியே விடப் பெற்றோர் அஞ்சுவதற்குக் காரணங்கள் உண்டு. 2001 ஜனவரி 26 இரவு, பதினைந்தே வயதான பெஞ்சமின் ஹெர்மான்சன் இதே ஹொல்ம்லியாவில் புதிய நாசிகளாற் குத்திக் கொல்லப்பட்டான். அவனது தோலின் நிறமே அதற்குக் காரணம். அக்கொலையைக் கண்டித்துப் பல்லாயிரம் மக்கள் ஒஸ்லோ வீதிகளில் ஊர்வலம் சென்றார்கள். அந்த இரவை நினைவிற் கொண்டிருக்கும் பெற்றோரிடம் 'அச்சம் வேண்டாம்' என்று இலகுவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அச்சத்தால் வீட்டுக்குள் ஒடுங்கினால், பாதையும் காடும் கடற்கரையும் எமக்குரியன அல்ல என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிள்ளையைத் தனியே அனுப்புமாறு நான் கேட்கவில்லை. கூடவே செல்லுங்கள். நாலைந்து குடும்பங்களாகச் செல்லுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி இங்கு தனியாகக் குறிப்பிட வேண்டியுள்ளது. ஊரில் எமது சகோதரிகள் அதிகாலையில் ரியூசன் வகுப்புக்கு மைல் கணக்கில் மிதித்துச் சென்றார்கள், போர்க்காலத்திலும் சென்றார்கள். அவர்களில் ஒருவராக இருந்த தாய், இன்று நோர்வேயிற் பிறந்த தன் மகள் வகுப்புத் தோழர்களோடு ஒரு நாட் பயணம் போகக் கேட்டால் தயங்குகிறார். மகனுக்குக் கிடைக்கும் சம்மதம் மகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதற் பயணத்தில் அந்தத் தாயும் மிதிவண்டியில் உடன் வந்தால் தயக்கத்திற் பாதி குறைந்துவிடும்.

'இது மலைநாடு, எங்களால் ஏற முடியாது' என்பது அடிக்கடி கேட்கும் மறுமொழி. பொறியியல் படித்தவன் என்ற முறையில் இதற்குக் கணக்கிலேயே விடை சொல்லலாம். ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 100 கிலோகிராம் என்று கொள்வோம். 100 மீற்றர் உயரம் ஏற ஏறத்தாழ 98 கிலோயூல் வேலை தேவை. சாதாரண உடல்நலம் உள்ள ஒருவர் 100 வாட் வலுவில் மிதித்தால் அவ்வுயரத்தைச் சுமார் 16 நிமிடங்களில் ஏறிவிடலாம். ஊரில் நாம் ஓட்டிய ஒற்றைப் பற்சக்கர வண்டியிற் பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஐந்து மீற்றருக்கும் மேல் நகரும். சமதரைக்கு அது பொருத்தம். இன்றைய மலை மிதிவண்டியில் முன்னே 22 பல்லும் பின்னே 34 பல்லும் உள்ள நிலைக்கு மாற்றினால் அதே ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீற்றருக்கும் குறைவாகவே நகரும். வேகம் குறையும், கால் நோகாது. வயதானவர்களுக்கும் முழங்கால் நோவு உள்ளவர்களுக்கும் மின்னுதவி மிதிவண்டி இருக்கிறது. 250 வாட் மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீற்றர் வரை உதவியும் சட்டத்தில் அனுமதிக்கப்பட்டவை. உண்மையிற் கவனம் தேவைப்படுவது இறக்கத்தில்தான். இரண்டு பிரேக்குகளும் சரியாக இருக்க வேண்டும். தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல் விட்டுவிட்டு அழுத்த வேண்டும். தலைக்கவசம் அணிய வேண்டும்.

ஹொல்ம்லியாவைச் சுற்றிப் பழகிய குடும்பங்களுக்கு அடுத்த படியாக ஒரு பாதையைச் சொல்வேன். பேர்கன் தொடருந்துப் பாதை 1909 இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டுவதற்கான பொருட்களைக் கொண்டுசெல்ல மலைமேல் அமைத்த வேலைச்சாலை, 1974 இல் மிதிவண்டிப் பயணிகளுக்கு அறிமுகமானது. 'ரல்லார்வேகன்' என்பது அதன் பெயர். தொடருந்துப் பாதை வெட்டிய கூலித் தொழிலாளரின் சாலை என்பது பொருள். ஹௌகஸ்தோலில் தொடங்கி, 1222 மீற்றர் உயரத்தில் உள்ள ஃபின்சவைக் கடந்து, 1300 மீற்றருக்கு மேல் ஏறி, மீர்டாலுக்குக் கீழே 21 கொண்டை வளைவுகளில் இறங்கி, ஆற்றோரமாகவே ஃப்லோம் கடற்கரையை அடைகிறது. மொத்தம் 80 கிலோமீற்றர் அளவு. கொண்டை வளைவுகளில் இறங்கி உருட்டிக்கொண்டு செல்வதே நன்று. யூலை நடுப்பகுதி வரையும் உச்சியிற் பனி கிடக்கக்கூடும். பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்தே புறப்பட வேண்டும். வேலை தேடி ஊர் ஊராய் அலைந்தவர்களின் பெயரை இந்த நாடு ஒரு சாலைக்கு வைத்திருக்கிறது. வடநோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் உழைத்துத் தலையெடுத்த எமது மக்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரின் பொருளை அந்தச் சாலையிலேயே விளக்கிச் சொல்லலாம்.

இதனால் தமிழுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்ப் பாடசாலையில் ஐந்திணை படிப்பிக்கிறோம். குறிஞ்சி என்றால் மலையும் மலைசார்ந்த இடமும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அருவி, சுனை, ஓடை, சரிவு, கணவாய் ஆகிய சொற்களைச் சோதனைத் தாளில் எழுதிவிட்டு மறக்கிறார்கள். அச்சொற்களுக்குரிய பொருள்கள் யாழ்ப்பாணத்தில் எமக்கே கிட்டியதில்லை. இங்கே வாசலிற் கிடக்கின்றன. ஒரு நாள் முழுவதும் தந்தையோடும் தாயோடும் மிதிக்கும் பிள்ளை, திரை எதுவும் குறுக்கிடாமல் அன்று முழுவதும் தமிழிற் பேசுகிறது, தமிழிற் சலித்துக்கொள்கிறது. இத்தகைய பயிற்சி எந்த வகுப்பறையிலும் கிடைக்காது.

நெடுந்தூர மிதிவண்டிப் பயணம் எமது சமூகத்துக்குப் புதிதன்று. நீதி கேட்டு ஐரோப்பிய நாடுகளினூடாக ஜெனீவா ஐ.நா. முன்றல் வரை எமது உறவுகள் குளிரிலும் மழையிலும் ஈருருளிப் பயணம் மேற்கொண்டு வருகிறார்கள். அவர்களின் உறுதியை மதிக்கும் நாம், எமது பிள்ளைகளின் கால்களுக்கும் அந்த வலு வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது.

ஆகவே தமிழ்ப் பாடசாலைகளின் பெற்றோர் குழுக்களிடம் நான் முன்வைக்கும் வேண்டுகோள் இதுதான். மே முதல் செப்ரெம்பர் வரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மிதிவண்டிப் பயணத்துக்கென ஒதுக்குங்கள். முதல் மாதம் பத்துக் கிலோமீற்றர் போதும். முன்னே வழிகாட்ட ஒருவர், பின்னே யாரும் விடுபடாமல் வர ஒருவர், ரியூப்புக்கு ஒட்டுப் போடத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாற் சரி. அந்தக் கை எமது தந்தையரிடம் இன்னும் இருக்கிறது. புதிய வண்டிக்கு வசதி இல்லாத குடும்பத்துக்குப் பழைய வண்டியைத் திருத்திக் கொடுங்கள். உணவுக்குப் புட்டும் சம்பலும் கட்டிக்கொள்ளுங்கள். இளையோரே, பெற்றோர் தாமதித்தால் நீங்களே நாளைக் குறித்து அவர்களை அழையுங்கள். பனி கரைந்துவிட்டால் பாதை எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.