பைண்டருக்கும் ஒரு துவாய் வேணும்

போன மாசியில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இரவு வானம் பார்க்க நின்றோம். கம்பஸ் பிள்ளைகள் நாங்கள் நாலு பேர், பத்தாம் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் முப்பது பேர், ஒரேயொரு தொலைநோக்கி. ஏழரைக்கு ஒரியன் நெபுலா வடிவாகத் தெரிந்தது. ஒன்பது மணிக்கு, "நீயே திருப்பிப் பார்" என்று ஒரு தங்கச்சியிடம் விட்டேன். பைண்டரில் கண்ணை வைத்தவள், "அக்கா, ஒண்டும் தெரியேல்ல, வெள்ளைப் புகையாக் கிடக்கு" என்றாள்.

பெரிய குழாயின் தோளில் இருக்கிற சின்னக் குழாய்தான் பைண்டர். அதன் கண்ணாடி முழுக்கப் பனி. எங்களில் ஒருவன் சேட் நுனியால் துடைத்தான். இரண்டு நிமிசத்தில் திரும்பவும் புகை. பத்து மணிக்கு எல்லாரும் வீட்ட போயிட்டம். வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளைகள் ஒன்றும் பார்க்கவில்லை.

போனில் அப் இருக்கே, பைண்டர் என்னத்துக்கு என்று கேட்பீர்கள். போன் சில பாகை பிழையாகக் காட்டும். தொலைநோக்கியில் குறைந்த உருப்பெருக்கத்திலும் தெரிவது கிட்டத்தட்ட ஒரு பாகை வானம்தான். முழு நிலவின் அகலமே அரைப் பாகை. பைண்டர் குருடானால் பெரிய குழாய் சும்மா ஒரு குழாய்.

நான் கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறவள். பனிபடு நிலை பற்றிச் சோதனையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் மைதானத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. வெட்கம்தான்.

"பனி கொட்டுது" என்கிறோம். உண்மையில் பனி மேலேயிருந்து கொட்டுவதில்லை. முகில் இல்லாத இரவில், வானத்தைப் பார்த்துக் கிடக்கிற எந்தப் பொருளும் தன் வெப்பத்தை வெளியே விட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்து போகும். அந்தக் குளிர் பனிபடு நிலைக்குக் கீழே இறங்கினால், காற்றிலுள்ள நீராவி அதன்மேல் துளியாகப் படியும். முற்றத்தில் விட்ட சைக்கிளின் சீற் நனைந்திருக்கும், மாமரத்துக்குக் கீழ் விட்டது காய்ந்திருக்கும். மரம் வானத்தை மறைத்துவிட்டது, அவ்வளவுதான். பெரிய தொலைநோக்கி நியூட்டன் வகையென்றால் அதன் ஆடி குழாயின் அடியில் ஒளிந்திருக்கும். பைண்டரின் கண்ணாடியோ நுனியிலேயே, வானத்துக்கு முகம் கொடுத்தபடி இருக்கும். அதனால்தான் அது முதலில் நனைகிறது.

இனி வன்னியை யோசியுங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை. வானம் வெளிக்கிறது தையிலும் மாசியிலும்தான். அப்போதுதான் இரணைமடுவும் மற்றக் குளங்களும் நிறைந்து, வயல் ஈரமாக, காற்றும் அடங்கிக் கிடக்கும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொன்னவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. எங்களுக்கு வானம் திறக்கிற மாதமும் பனி மாதமும் ஒன்றேதான். அப்படியிருக்க, பனியைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் பள்ளிக்கூடங்களுக்குத் தொலைநோக்கி கொடுப்பது, தண்ணிப் பம்ப் கொடுத்துவிட்டு எண்ணெய் ஊத்தச் சொல்லாமல் போவது மாதிரி.

தீர்வுக்குப் பெரிய காசு தேவையில்லை. பழைய உடற்பயிற்சி ஃபோம் பாயில் ஒரு துண்டு வெட்டி, பைண்டரின் வாயைச் சுற்றிக் குழாயாக ஒட்டுங்கள். கண்ணாடிக்கு முன்னால் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை தொடக்கம் இரண்டு மடங்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 50 மில்லிமீற்றர் பைண்டருக்கு 75 தொடக்கம் 100 மில்லிமீற்றர். உட்பக்கம் கறுப்பாக இருந்தால் நல்லது. கண்ணாடி பார்க்கிற வானம் குறையும், குளிர்வதும் குறையும்.

கடும் பனிக்கு இது காணாது. அப்போது 470 ஓம், அரை வாற் தடையிகள் ஆறைச் சமாந்தரமாகப் பற்றவைத்து, கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிக் கட்டி, 12 வோல்ற் பற்றரியில் கொடுக்கலாம். மொத்தம் இரண்டு வாற்றுக்கும் குறைவு. 7 அம்பியர்-மணி பற்றரி ஓர் இரவுக்குத் தாராளம். வயரில் ஒரு பியூஸ் போட மறக்காதீர்கள். பனி பிடித்த பிறகு இல்லை, பிடிக்க முதலே போட்டுவிட வேண்டும்.

துடைக்க மட்டும் வேண்டாம். தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் கண்ணாடியின் மேற்பூச்சில் கீறல் விழும். பைண்டருக்குள் பார்க்கிறபோது அதன்மேல் மூச்சு விடவும் கூடாது. முடிந்ததும் ஈரத்தோடு மூடியைப் போட்டுப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அறைக்குள் திறந்து வைத்து, காய்ந்த பிறகு மூடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரிக்குள் கிடந்தே ஒரு தொலைநோக்கி செத்துப் போகலாம்.

"இதெல்லாம் சயன்ஸ் பிள்ளைகளின்ர வேலை" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துச் சின்னத் தொலைநோக்கிக்கு யார் இருக்கிறார்கள்? ஃபோம் வெட்டவும், இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டவும் யாராலும் ஏலும்.

எங்கள் அம்மாமார் வானத்தைப் பார்த்தது வேறு விதமாக. கிபிர் வருகுதோ, வண்டு சுத்துதோ என்று பார்த்தார்கள். 2009 வரைக்கும் அண்ணாந்து பார்ப்பதென்றால் பங்கருக்குள் ஓடுவதற்கு முந்திய வேலை. இப்போது அதே வானத்தில் வியாழனைத் தேட முப்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இதைச் சின்ன விசயமாக எனக்கு எடுக்க முடியவில்லை. அந்த வரிசை ஒரு துண்டு ஃபோம் இல்லாததால் கலையக் கூடாது.

அன்றைக்கு வீட்ட வந்தபோது அம்மா வாசலில் நின்றா. "பனிக்க நிண்டனியே? தலையில ஒரு துவாயப் போட்டிருக்கலாமே பிள்ளை, தடிமன் பிடிக்கப் போகுது" என்று பேசினா.

அம்மா சொன்னது சரிதான். அடுத்த தைக்கு முதல், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அலுமாரியை ஒருக்காத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு தொலைநோக்கி இருந்தால், அதன்ர பைண்டருக்கும் ஒரு துவாய் செய்து போடுங்கோ.